எந்திரக் கிராணியின் செக்ரோல்

தலைப்பில் தோல்வி என்று இருக்கிறது. கடிதத்தைத் திறந்தால் உள்ளேயும் தோல்வி என்றுதான் இருக்கிறது. நடுவில் ஒரு சுட்டி. தட்டினால் அந்தப் பக்கம் எப்போதோ அழிந்துபோயிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு மிரட்டல்: குறித்த நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் உங்கள் மென்பொருள் தொகுப்பிலிருந்து நீக்கப்படும். கடைசியாக ஒரு மரியாதை: இது தானியங்கிக் கடிதம், பதில் எழுத வேண்டாம்.

இந்தக் கடிதம் யார் கைக்கு வருகிறது? மலேசியாவில், கெடா மாநிலத்துக் கூலிம் ஆலை ஒன்றில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து, பாடாங் செராய் வரிசை வீட்டுக்கு மோட்டாரில் வந்து, குளித்துவிட்டுச் சோற்றுத் தட்டோடு மடிக்கணினி முன் உட்காருகிற ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பேரன், முன்பின் தெரியாத ஜனங்கள் பயன்படுத்தும் ஒரு குட்டி மென்பொருளை ஓய்வு நேரத்தில் காசு வாங்காமல் பராமரிக்கிறார். திறந்த மூல உலகம் இப்படிப்பட்ட ஆட்களின் தூக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மனிதருக்குத்தான் எந்திரம் எழுதுகிறது: தோல்வி.

எந்திரம் புகார் எழுதுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எழுதத்தான் வேண்டும். மூல நிரலைக் கம்பைலரிடம் கொடுத்து ஓடக்கூடிய பேக்கேஜாக ஆக்குவதற்குப் பெயர் பில்ட். லினக்ஸ் தொகுப்புகளில் ஒன்றான டெபியனில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மூலப் பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவ்வப்போது அத்தனையையும் புதிதாகக் கட்டிப் பார்க்கிறார்கள். இன்னொரு தொகுப்பான ஃபெடோராவும் அப்படித்தான். போன மாதம் கட்டியது இந்த மாதம் கட்டாமல் போவது சகஜம், அதைக் கையால் பார்த்து எழுத ஆள் கிடையாது. ஆகவே எந்திரம். என் கேள்வி, அந்த எந்திரத்துக்கு எழுதக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் எந்த ஆபீஸ் கவுண்டரில் பயிற்சி எடுத்தான் என்பதுதான்.

கெடா ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு, இப்படிக் காரணம் காட்டாமல் எழுதும் உத்தியோகம் புதிதல்ல. விடியும் முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற பேரேட்டைத் திறந்து பேர் கூப்பிடுவார். யாருக்கு எந்த நிரை, எத்தனை பவுண்டு பால், ஒட்டுப்பால் எவ்வளவு, எல்லாம் அதில் ஏறும். பால் ஸ்டோரில் மெட்ரோலாக் கருவியைப் பாலுக்குள் மிதக்கவிட்டு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்து ஓர் எண்ணை எழுதுவார்கள். கூலி அந்த எண்ணில் இருந்தது. பால் வாளிகள் தொங்கும் காண்டாவைத் தோளிலிருந்து இறக்கி வைத்தவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாலும் எண் தெரியாது. ‘இன்னைக்குத் தண்ணிப் பால்மா’ என்று கிராணி சொன்னால் தண்ணிப் பால்தான். எதிர்த்துக் கேட்டால் தண்டலுக்குப் பதில் சொல்ல வேண்டும், தண்டலுக்கு மேலே துரை.

அந்தக் கிராணியை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் பதிவு இருந்தது, ஒழுங்காகவும் இருந்தது. லாபக் கணக்குக்குத் தேவைப்படுகிற எதையும் அவர் எழுதாமல் விட்டதில்லை. எழுதியதை எழுதப்பட்டவளுக்குக் காட்டவில்லை என்பதுதான் கதை. எந்திரக் கிராணியும் அதே வம்சம். பில்ட் தொடங்கிய நொடி முதல் செத்த நொடி வரை ஒவ்வொரு வரியும் அதன் வயிற்றுக்குள் லாக்காக இருக்கிறது. நமக்கு வருவது அதன் வால்.

வால் என்று சும்மா சொல்லவில்லை. ஃபெடோராவின் எந்திரம், லாக் பெரியதாக இருந்தால் கடைசி 32,768 பைட்டை மட்டும் வெட்டி இணைத்து, வெட்டிவிட்டேன் என்று ஒரு குறிப்பும் வைக்கும். இப்போது பில்ட் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பதினாறு கோர் எந்திரத்தில் பதினாறு கோப்புகள் ஒரே நேரத்தில் கம்பைல் ஆகின்றன. அதில் ஒன்று செத்து விழுகிறது. மற்றவை கையிலெடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அதனால் உண்மையான பிழை எங்கோ மேலே புதைந்துபோக, அதன் மேல் அடுத்தவர்களின் வெற்றிச் செய்திகளும் பழைய எச்சரிக்கைகளும் குவிந்துகிடக்கும். கடைசி வரியில் மட்டும் ‘பிழை 2’ என்று இருக்கும். எதில் பிழை? முதலாம் பிழை எங்கே போயிற்று? அது 32,768 பைட்டுக்கு அந்தப் பக்கம். டெபியனில் மொத்தமாகக் கட்டிப் பார்த்தவர்கள் தங்கள் புகாரில் ‘தொடர்புள்ள பகுதி’ என்று தலைப்பு வைத்து, பக்கத்திலேயே ‘அப்படித்தான் நம்புகிறோம்’ என்கிற பொருளில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் சேர்த்திருந்தார்கள். முழு லாக்குக்கும் சுட்டி கொடுத்தார்கள். அந்த ஒற்றைச் சொல்லின் நாணயத்துக்கு நான் தலைவணங்குவேன். நம் ஊர் அறிக்கைகளில் அந்த அடைப்புக்குறியைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இன்னொரு ரகம் உண்டு. லாக் நன்றாக ஓடிக்கொண்டே வந்து, திடீரென்று ‘கொல்லப்பட்டது’ என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடும். பிழைச் செய்தி கிடையாது, வரி எண் கிடையாது. என்ன நடந்ததென்றால், அனுப்புநரின் எந்திரத்தில் கோர் நிறைய இருந்தது, ரேம் இல்லை. நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கர்னலே கம்பைலரின் கழுத்தை நெரித்துவிட்டது. கொன்றது கர்னல், கொலை நடந்த வீடு அனுப்புநருடையது, கூண்டில் நிற்பது பாடாங் செராய்க்காரர். எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம், வட்டில் எவ்வளவு இடம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு ராத்திரி மிச்சம். எந்திரத்துக்கு அது தெரியாதா? நொடியில் தெரியும். கேட்க வேண்டும் என்று அதன் எஜமானுக்குத் தோன்றவில்லை.

எந்தச் சிப்பில் கட்டினார்கள் என்பதையும் சொல்ல மாட்டார்கள். வழக்கமான ஏஎம்டி64-இல் கட்டியது எஸ்390எக்ஸ்-இல் கட்டாமல் போகலாம், ஏனென்றால் எஸ்390எக்ஸ் பைட்டுகளைத் தலைகீழாக அடுக்குகிறது. அது ஐபிஎம்மின் மெயின்பிரேம். ‘எங்கள் எந்திரத்தில் கட்டவில்லை, உங்களிடம் சோதித்துப் பாருங்கள்’ என்றால், அதை வாங்கி எங்கே நிறுத்துவது? கார் போர்ச்சிலா, துளசி மாடத்துக்குப் பக்கத்திலா? போகட்டும், சாதாரணக் கணினி என்றே வைப்போம். நேர மண்டலம் என்ன, மொழி அமைப்பு என்ன, கட்டும்போது இணையம் திறந்திருந்ததா மூடியிருந்ததா, கடிகாரம் எந்தத் தேதியில் நின்றது? சோதனைக்கென்று வைத்திருந்த சான்றிதழ் காலாவதியானதால் மட்டும் செத்துப்போகும் பில்டுகள் உண்டு. நிரலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. நாட்காட்டிதான் மாறியிருக்கும்.

ஆக, கேட்க வேண்டிய பெரிய கேள்வி என்ன மாறியது என்பதே. நேற்று கட்டியது, இன்று கட்டவில்லை. நடுவில் யார் கை வைத்தார்கள்? 2020-இல் ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பு வந்தது. ஒரே மாறியைப் பல கோப்புகளில் வரையறுத்தால் அதுவரை கண்டும் காணாமல் இணைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தியது. 2024-இல் ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் வெறும் எச்சரிக்கையோடு விட்டதைப் பிழையாக்கியது. இரண்டும் நியாயமான மாற்றங்கள். ஆனால் காரணம் ஒன்று, கடிதம் நூற்றுக்கணக்கு. ஒவ்வொருவரும் தன் பேக்கேஜ் மட்டும்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தனித்தனியாக முட்டிக்கொள்கிறார்கள். கம்பைலர் மாறியது, இதே காரணத்தால் இன்னின்ன பேக்கேஜ்களும் விழுந்தன, கடைசியாக வெற்றிகரமாகக் கட்டியது இந்தத் தேதியில் இந்தப் பதிப்புகளோடு, இப்போதைய பதிப்புகள் இவை என்று எழுத எந்திரத்துக்கு என்ன வலிக்கிறது? டெபியன் ஒவ்வொரு பில்டுக்கும் ‘பில்ட்இன்ஃபோ’ என்றொரு கோப்பு வைத்திருக்கிறது. கட்டும்போது நிறுவியிருந்த ஒவ்வொன்றின் பதிப்பும் அதில் இருக்கிறது. இரண்டை எடுத்து ஒப்பிட்டால் போதும். இந்த வேலையைச் செய்யத்தான் எந்திரம். அதை மனிதன் தலையில் கட்டிவிட்டு, தீர்ப்பு எழுதும் வேலையை எந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இதையும் கேட்கலாம்: எத்தனை முறை கட்டிப் பார்த்தீர்கள்? ஒரு முறை விழுந்து மறுமுறை எழுந்து நிற்கிற பில்டுகள் ஏராளம். இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்காமல் கடிதம் போடுகிறவன், குழந்தை ஒரு தடவை தும்மியதும் சாவுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறவன்.

சின்ன விஷயம்தானே, இதற்கு ஏன் இத்தனை கோபம் என்பவர்களுக்கு எக்ஸ்இசட் கதையைச் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும் சுருக்கக் கருவி அது. பல ஆண்டுகள் ஒற்றை ஆளாகச் சுமந்தவர் லாஸ்ஸே கோலின். ஏன் தாமதம், ஏன் பதில் இல்லை என்று குடைந்தவர்களுக்கு, மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022-இல் அவரே எழுத வேண்டியிருந்தது. களைத்த மனிதருக்குக் கைகொடுப்பதுபோல் வந்த ஒருவன் நம்பிக்கையைச் சம்பாதித்து, பின்வாசல் வைத்தான். 2024 மார்ச் 29 அன்று அதை உலகுக்குச் சொன்னவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தவர். சில வாரங்களுக்கு முன் தானியங்கிச் சோதனையில், பேக்கேஜ்கள் புதுப்பிக்கப்பட்ட பிறகு ஒரு விசித்திரப் புகார் வந்திருந்தது அவருக்கு நினைவுக்கு வந்தது. அவர் எழுதிய அறிக்கையைப் படியுங்கள். எந்தப் பதிப்புகள்: 5.6.0, 5.6.1. எங்கே ஒளிந்திருக்கிறது: வெளியீட்டுக் கோப்பில், பொது நிரல் களஞ்சியத்தில் முழுதாக இல்லை. எப்போது விழிக்கும்: எக்ஸ்86-64 லினக்ஸில், ஜிசிசியோடு, டெப் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டும்போது மட்டும். என்ன பார்த்தார், எதை ஊகிக்கிறார், எது தெரியாது என்று பிரித்துப் பிரித்து வைத்தார். அதே இடத்தில் ‘தோல்வி, சரிசெய்க’ என்று மட்டும் எழுதியிருந்தால் பின்வாசல் இன்றும் திறந்தே கிடந்திருக்கும்.

அதற்கு நேரெதிர்த் துருவமும் இப்போது வந்துவிட்டது. விவரமே தராத எந்திரம் போய், இல்லாத விவரத்தைப் புனைந்து தரும் எந்திரம். ஏஐ எழுதிய அலங்காரமான பாதுகாப்புப் புகார்களைப் படித்துப் படித்து வெறுத்து, கர்ல் என்ற திறந்த மூல மென்பொருளின் டேனியல் ஸ்டென்பெர்க், பிழை கண்டுபிடிப்பவர்களுக்காக 2019 முதல் நடத்திவந்த பரிசுத் திட்டத்தை 2026 ஜனவரியோடு மூடினார். ஊகத்தை ஊகம் என்று எழுதத் தெரியாத எந்திரத்தைவிட ஊமை எந்திரம் மேல்.

நல்ல எந்திரம் உண்டா? உண்டு. லினக்ஸ் கர்னலுக்கு மாற்றம் அனுப்புகிறவர்களுக்கு இன்டெல் நிறுவனத்தின் சோதனை ரோபோ கடிதம் எழுதுகிறது. எந்தக் களஞ்சியம், எந்தக் கிளை, எந்தக் கமிட், கட்டமைப்புக் கோப்பு எது, கம்பைலரின் எந்தப் பதிப்பு, நீங்களும் இதே பிழையைப் பார்க்க என்னென்ன கட்டளை தட்ட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். பழைய பிழைகளுக்கு நடுவில் புதிதாக வந்ததன் முன்னால் இரட்டை அம்புக்குறி போட்டிருக்கும். உங்கள் மாற்றத்தால் வந்தது இது, அது உங்கள் பாவம் அல்ல என்று பிரித்துக் காட்டுகிற பண்பு. மனிதர்களிடமே அபூர்வம்.

அந்த இன்டெலுக்குக் கூலிமில் ஆலை இருக்கிறது. கூலிம் ஹை-டெக் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. சிப் நிறுவனமான இன்ஃபினியனின் புதிய சிலிக்கான் கார்பைடு ஆலையை 2024 ஆகஸ்டில் பிரதமர் வந்து திறந்து வைத்தார். தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் அங்கே வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஷிப்டு பார்க்கிறார்கள். இந்தத் தொழிலில் சிப் ஒன்று பழுதென்று ஏதோ ஒரு கார் கம்பெனி திருப்பி அனுப்பினால் ஆலையே அல்லோலகல்லோலப்படும். எட்டுக் கட்டமாக அறிக்கை எழுத வேண்டும். எந்த லாட், எந்த எந்திரம், எந்த ஷிப்டு, மூல காரணம் என்ன, தற்காலிகமாக என்ன செய்தீர்கள், இனி வராமலிருக்க என்ன செய்யப்போகிறீர்கள். ‘வருந்துகிறோம், உங்கள் சிப் வெற்றி பெறவில்லை’ என்று பதில் போட்டால் வாடிக்கையாளர் மறுநாளே வேறு ஆலைக்குப் போய்விடுவார்.

அதே தொழிலாளி வீட்டுக்கு வந்து மகளின் அடையாள அட்டை எண்ணைத் தட்டுகிறார். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் இடம் உண்டா என்ற முடிவு வந்திருக்கிறது. ‘டுக்காச்சித்தா டிமக்லும்கான்.’ வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தீடாக் பெர்ஜாயா. வெற்றி பெறவில்லை. அவ்வளவுதான். விரல் நகத்தைவிடச் சின்ன சிலிக்கானுக்கு எட்டுக் கட்டக் காரணம், பதினோரு வருடம் படித்த பிள்ளைக்கு இரண்டு சொல். மதிப்பெண் போதவில்லையா, பாடத் தேர்வில் கோளாறா, புறப்பாட நடவடிக்கையில் குறைந்ததா, எண்ணிக்கை நிரம்பிவிட்டதா? கட்டமைப்புக் கோப்பு மட்டும் ஊருக்கே தெரியும்: பூமிபுத்ராக்களுக்கு 90 விழுக்காடு, மற்றவர்களுக்கு 10. 2019-இல் அமைச்சரவை இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தியபோதும் அந்த விகிதத்தில் கை வைக்கவில்லை. 2024-இல், எஸ்பிஎம் தேர்வில் 10ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லாருக்கும் இனப் பாகுபாடின்றி இடம் என்று அறிவித்தார்கள். நல்லது, நன்றி. ஒன்பது ஏ எடுத்தவளுக்கு யார் லாக் காட்டுவது? ராயுவான் போடலாமே என்பார்கள். மேல்முறையீடு. எதை எதிர்த்து? காரணம் சொல்லாத தீர்ப்பை எதிர்த்துக் காரணத்தோடு வாதாட, பிள்ளை எந்தச் சட்டக் கல்லூரியில் படித்துவிட்டு வர வேண்டும்?

குடியுரிமைக்கு வாருங்கள், அங்கே இன்னும் நேர்த்தி. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் தேய்ந்து, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவியானவர்களை நமக்குத் தெரியும். 2018-இல், 60 வயது தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை கொடுக்கப்போவதாக அப்போதைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். அறுபது வயதுவரை அவர்களின் விண்ணப்பம் எந்த வரியில் செத்துக் கிடந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. குடியுரிமை பற்றிய அரசின் முடிவை எந்த நீதிமன்றமும் மறுபரிசீலனை செய்யக்கூடாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையே எழுதி வைத்திருக்கிறது. பதில் எழுத வேண்டாம் என்ற அந்த அடிக்குறிப்பைச் சட்டமாகவே பார்க்க வேண்டுமானால் அங்கே பார்க்கலாம்.

நம் தலைவர்களையும் விட முடியாது. ஆண்டுதோறும் முடிவு வெளியானதும் ‘பாதிக்கப்பட்ட மாணவர்கள் சேவை மையத்தில் பெயர் கொடுங்கள்’ என்று படத்தோடு செய்தி வரும். பெயர் வாங்குவார்கள். பட்டியல் மேலே போகும். மேலே போனது மேலேயே இருக்கும். எத்தனை பெயர் போனது, எத்தனைக்குப் பதில் வந்தது, என்ன காரணம் சொன்னார்கள் என்று ஒரு தாள் திரும்பி வராது. 1025 வாக்கில் கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை, வென்ற ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, வென்ற ஊர்களை ஒன்று விடாமல் அடுக்குகிறது. இங்கே உள்ள பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பேருந்து பிடித்துப் போய் மாலை போட்டுக்கொள்ளும் நம் பெருமக்கள் அதைச் சொல்லிச் சொல்லி மார்தட்டுகிறார்கள். தோற்ற இடங்களையும் அதே ஒழுங்கோடு அடுக்க ஒரு எழுத்தரை நியமிக்க மட்டும் கை வராது. செக்ரோல் வைத்திருந்த கிராணியே தேவலாம் என்று சொல்ல வைக்கிறார்களே, அதுதான் எரிகிறது.

ஆகவே பாடாங் செராய்க்காரரே, உங்களுக்கு வரும் ஊமைக் கடிதங்களை இனி விவரம் போதாது என்று முத்திரை குத்தி மூடுங்கள். திறந்த மூல உலகில் அதற்கு உரிமை இருக்கிறது, பயன்படுத்துங்கள். லாக் கேட்டால் அங்கே யாராவது கொடுத்துவிடுவார்கள், வெட்கப்பட்டு எந்திரத்தைத் திருத்தவும் செய்வார்கள். அப்படித் திருத்திய எந்திரங்கள் இருக்கின்றன. பிறகு, மிச்சமிருக்கும் ராத்திரியில், எப்படி எழுத வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே, எங்கள் சார்பில் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள். வாசகத்தை நான் சொல்கிறேன்.

பேக்கேஜ்: எஸ்பிஎம் முடித்த மாணவி, தமிழ்ப்பள்ளி வழி, கெடா. பதிப்பு: இந்த ஆண்டு, முந்தைய பதிப்புகளிலும் இதே பிழை. சூழல்: அப்பா ஷிப்டு வேலை, அம்மா ஒட்டுக்கடை, இணையம் கைப்பேசி ஹாட்ஸ்பாட். எதிர்பார்த்தது: இடம், இல்லையென்றால் காரணம். கிடைத்தது: வருத்தம். மீண்டும் நிகழ்த்திப் பார்க்க: அடுத்த ஆண்டு முடிவு வெளியாகும் காலையில் எங்கள் தெருவுக்கு வரவும். தீவிரம்: அடுத்த வெளியீட்டைத் தடுத்து நிறுத்தும் அளவு. முதல் பிழை: தெரியவில்லை. லாக்: உங்களிடம் இருக்கிறது. வாலை மட்டும் வெட்டாமல் முழுசாக அனுப்பவும்.